லாபிஸ் எங்கே வளரும்? கணினியைக் கேட்பதற்கு முன்

என் இறுதியாண்டு ஆய்வுக்காக லாபிசின் எதிர்காலத்தை வரைந்தேன். 2035ஆம் ஆண்டில் எங்கெல்லாம் வீடுகளும் கடைகளும் வந்திருக்கும் என்று கணினி கணித்து, அந்த இடங்களைச் சிவப்பு நிறத்தில் காட்டியது. படைப்பு முடிந்ததும் கைதட்டினார்கள். நல்ல புள்ளியும் கிடைத்தது. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தாத்தாவிடம் காட்டினேன். பால்மரம் சீவிய காலத்திலிருந்து இந்த வட்டாரத்தின் மண்சாலைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு சிவப்புத் திட்டின்மேல் விரலை வைத்தார். “ஏம்மா, இது தோட்டத்து நெலமாச்சே. கம்பெனிக்காரன் விக்கலேன்னா இங்க யாரு வீடு கட்டுறது?” விரல் கொஞ்சம் கீழே நகர்ந்தது. “இது பள்ளம். பெரிய வெள்ளத்துல இங்க படகு விட்டாங்க. இங்கயும் வீடு வரும்னா சொல்லுது உன் கம்ப்யூட்டர்?”

நான் பல மாதம் உழைத்துச் செய்ததை அவர் இரண்டு நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிட்டார். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கணக்கில் பிழை இல்லை. மென்பொருளிலும் பிழை இல்லை. கணினிக்கு நான் கொடுத்த காரணிகள்தான் இந்த ஊருக்குப் பொருந்தாதவை.

இந்தத் துறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே இடத்தின் இரண்டு பழைய துணைக்கோளப் படங்களை எடுத்துக்கொண்டு ஊரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். லேண்ட்சாட் படம் என்றால் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். முதல் படத்தில் மரமாக இருந்து இரண்டாவது படத்தில் கட்டடமாக மாறிய கட்டங்கள் எவை என்று பார்க்கிறோம். சாலையிலிருந்து எவ்வளவு தூரம், நகர மையத்திலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு சரிவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சில விவரங்களைச் சேர்க்கிறோம். எந்த விவரம் உள்ள கட்டங்கள் மாறின என்பதைக் கணினி கற்றுக்கொண்டு, அடுத்து எவை மாறும் என்று சொல்கிறது. அந்த விவரங்களைத்தான் காரணிகள் என்கிறேன்.

இது நமக்கு அந்நியமான துறை அல்ல. உலகெங்கும் பயன்படும் ‘குளூ-எஸ்’ என்ற நிலமாற்ற மாதிரியை நெதர்லாந்து ஆய்வாளர் பீட்டர் வெர்பர்க் குழுவினர் 2002இல் வெளியிட்டபோது, அதைச் சோதித்துக் காட்டிய இரண்டு இடங்களில் ஒன்று பிலிப்பீன்சின் சிபுயான் தீவு. மற்றொன்று நம் சிலாங்கூரின் கிள்ளான்–லங்காட் ஆற்றுப்படுகை. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லாருக்கும் இலவசம். மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால் படிவம் ஆறு முடித்த மாணவர்கூட இதைத் தொடங்கலாம். தொடங்குவது இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் சிக்கலும். பட்டனை அழுத்தினால் ஏதோ ஒரு படம் வந்துவிடும்.

என் மாதிரி 90 விழுக்காட்டுக்கும் மேல் சரி என்று ஆய்வில் எழுதியிருந்தேன். கைதட்டல் அதற்குத்தான். அந்த எண் எப்படி ஏமாற்றுகிறது என்று பாருங்கள். ஓர் ஊரை 100 கட்டங்களாகப் பிரித்ததில், பத்து ஆண்டுகளில் 3 கட்டங்கள் மட்டும் மாறின என்று வைத்துக்கொள்வோம். நான் வேறு 3 கட்டங்களைக் காட்டி “இவை மாறும்” என்கிறேன். மூன்றுமே தவறு. உண்மையில் மாறிய மூன்றையும் தவறவிட்டேன். ஆனாலும் 94 கட்டங்களில் என் கணிப்பு சரி. 94 விழுக்காடு! மாறிய ஒரே ஒரு கட்டத்தைக்கூடப் பிடிக்காத மாதிரிக்கு ‘ஏ’ கிடைக்கும். “எதுவுமே மாறாது” என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியவருக்கு 97 கிடைத்திருக்கும்.

லாபிஸ் போன்ற மெதுவாக மாறும் ஊருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்மோர் பொன்டியஸ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அவரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டில் 13 கணிப்புகளைச் சோதித்தார்கள். அவற்றில் 12இல், சரியாகக் கணித்த மாற்றத்தைவிடப் பிழையே அதிகம். அனுபவம் மிக்க ஆய்வாளர்களின் நிலையே அப்படி. மொத்த விழுக்காட்டை விட்டுவிட்டு, மாறியவற்றில் எத்தனையைப் பிடித்தோம், எத்தனையைத் தவறவிட்டோம், எத்தனை முறை பொய்யாக அலறினோம் என்று கேட்க வேண்டும் என்கிறார்கள். அப்படிக் கேட்டுப் பார்த்தேன். என் மாதிரிக்கு ஏற்பட்ட நிலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

சரி, காரணிகளுக்கு வருவோம். நான் எடுத்தவை எல்லாம் பாடநூல் காரணிகள். சரிவு, சாலைத் தூரம், ரயில்பாதைத் தூரம், நகரத் தூரம், பள்ளித் தூரம். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்காக 1990களில் உருவான ‘சுலூத்’ மாதிரியின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்தே சரிவைத்தான் குறிக்கிறது. மலையும் கடலும் நெருக்கும் அந்த ஊருக்குச் சரிவு முக்கியம். பினாங்குக்கும் கேமரன் மலைக்கும் முக்கியம். லாபிஸ் பட்டணத்தைச் சுற்றி அப்படிப்பட்ட ஏற்ற இறக்கம் ஏது? கிழக்கே லாபிஸ் காப்புக்காடு, எண்டாவ்–ரொம்பின் பக்கம் போனால்தான் மலை. அங்கே கட்டடம் வராததற்குச் சட்டமே போதும். சரிவைக் கேட்க வேண்டியதில்லை. எல்லாக் கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் ஒன்று, எந்தக் கட்டம் மாறும் என்று எப்படிச் சொல்லும்?

காரணிகளைச் சலித்தெடுக்க ஒரு சோதனை உண்டு. ‘கிராமர் வி’ என்ற அளவு. நான் பயன்படுத்திய மென்பொருளின் கையேடு 0.15 அளவிலிருந்து பயன்படும், 0.4க்கு மேல் நல்லது என்று வழிகாட்டுகிறது. உதவியான அளவுதான். ஆனால் அது பொருத்தத்தை மட்டும் பார்க்கும். எது எதனால் வந்தது என்று பார்க்காது. என் பட்டியலில் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறியது பள்ளித் தூரம். பள்ளி இருக்கும் இடத்தில் வீடுகள் வருகின்றன என்று பெருமையாக எழுதினேன். நம் நாட்டில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்திலிருந்து தாமானுக்கு இடம்மாறியவை. முதலில் தாமான் வந்தது, மக்கள் வந்தார்கள், பிறகுதான் பள்ளி வந்தது. பின்னால் வந்ததை முன்கூட்டிச் சொல்லும் காரணியாகப் போட்டால் மதிப்பெண் உயரத்தான் செய்யும். விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுவது மாதிரி.

சாலை விஷயம் இதைவிடச் சுவையானது. லாபிஸ் கூட்டரசு முதலாம் சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்தும் லாரியும் சிகாமட், லாபிஸ், யோங் பெங் வழியாகத்தான் போகும். 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அது தங்காக், பாகோ, யோங் பெங் என்று மேற்குப் பக்கமாகப் போய்விட்டது. சாப்பிட நின்ற வண்டிகள் நிற்கவில்லை. ஆனால் என் கணினியில் சாலையோரக் கட்டத்துக்கு 1990இலும் 50 மீட்டர், இன்றும் 50 மீட்டர். எண் மாறவில்லை; சாலையின் பொருள் மாறிவிட்டது. தூரத்தை அளந்ததற்குப் பதிலாக, அருகிலுள்ள நெடுஞ்சாலை நுழைவாயிலுக்கு எத்தனை நிமிடம், வேலை இருக்கும் இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று அளந்திருந்தால் அந்த மாற்றம் தெரிந்திருக்கும்.

ரயில்பாதையிலும் இதே தவறுதான். கிம்மாஸ்–ஜொகூர் பாரு மின்சார இரட்டைத் தண்டவாளம் வந்திருக்கிறது, லாபிசுக்குப் புதிய நிலையமும் வந்திருக்கிறது. தண்டவாளத்துக்குப் பக்கம் என்று நான் அளந்தேன். நிலையத்துக்குப் பக்கம் இருப்பது வாய்ப்பு. வேலி போட்ட இரட்டைத் தண்டவாளத்துக்குப் பக்கம் இருப்பது பல இடங்களில் தடை. அந்தப் பக்கம் போக மேம்பாலத்தைத் தேடிச் சுற்ற வேண்டும். ஒன்று ஊரை இழுக்கும், மற்றது ஊரை நிறுத்தும். இரண்டையும் ஒரே காரணியாகப் போட்டு வைத்திருந்தேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். லாபிசில் எந்த நிலம் மாறும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தூரம் அல்ல. நிலம் யார் பெயரில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதுதான். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலப் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. விவசாய நிலத்தில் வீடமைப்புத் திட்டம் போட வேண்டுமானால் மாநில அதிகாரத்தின் ஒப்புதலோடு பிரிவை மாற்ற வேண்டும். பட்டணத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தோட்ட நிறுவனங்களின் செம்பனை. இன்னொரு பக்கம் தெனாங், செம்பிலாக் பெல்டா குடியேற்றங்கள். குடியேற்றப் பகுதிகளுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலத்தை விருப்பம்போல் துண்டு போட்டு விற்க விடாது. பிறகு காப்புக்காடு. பிறகு புதுக்கிராமங்கள். அவற்றையும் சாலைத் தூரம் உண்டாக்கவில்லை. அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் நாடு முழுதும் சுமார் 5 லட்சம் பேரை வேலிக்குள் குடியேற்றிய ஓர் உத்தரவின் விளைவு அவை.

இந்த எல்லைகள் எதுவும் வானத்திலிருந்து தெரியாது. கம்பெனியின் செம்பனையும் பெல்டாவின் செம்பனையும் சிறுதோட்டக்காரரின் செம்பனையும் துணைக்கோளத்துக்கு ஒரே பச்சை. ஆனால் மூன்றும் மாறும் விதம் வேறு. சிறுதோட்டக்காரர் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று விற்பார். தோட்டம் ஐம்பது ஆண்டுகள் அசையாமல் கிடக்கும்; ஒருநாள் இயக்குநர் கூட்டத்தில் ஒரு கையெழுத்து விழுந்தால் நூற்றுக்கணக்கான ஹெக்டர் ஒரேயடியாக மாறும். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினிக்கு அந்தக் கையெழுத்து தெரியாது.

நம் சமூகத்துக்கு இது புதிய பாடமா என்ன? மலாயாவில் தோட்டத் துண்டாடல் பரவியபோது வேலையும் வீடும் இழந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து 1962இல் நூலாக எழுதினார். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கியதும் அதற்காகத்தான். பின்னர் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை வாரிய ஒப்புதல் இல்லாமல் கைமாற்றவோ பிரிக்கவோ கூடாது என்று நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. உடைமைதான் நிலமாற்றத்தின் முதல் காரணி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்து வந்த நான் சரிவையும் தூரத்தையும் அளந்துகொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு பொறி. செம்பனையைச் சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அப்போது செம்மண் வெறுமையாகப் பளபளக்கும். துணைக்கோளப் படத்தில் அது கட்டுமான இடம் மாதிரியே இருக்கும். என் ‘கட்டடமாக மாறிய’ கட்டங்களில் சில, உண்மையில் கன்று நட்ட செம்பனைக் காடு! தாத்தா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மரத்தின் வயது தெரிந்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. வயதான மரம் இன்னொன்றையும் சொல்லும். மறுநடவுக்குச் செலவு செய்வதா, நிலத்தை விற்பதா என்று முதலாளி யோசிக்கும் நேரம் அது.

வெள்ளத்துக்கும் ஒரு வார்த்தை. 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தையும், 2011 ஜனவரி இறுதியில் தெனாங் இடைத்தேர்தல் வாக்களிப்பு வெள்ளத்தில் நடந்ததையும் இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. நான் நில உயரத்துக்கு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலம் ரேடாரால் அளந்த இலவசத் தரவைப் பயன்படுத்தினேன். அடர்ந்த மரம் நிற்கும் இடத்தில் அந்த ரேடார் தரையைத் தொடுவதில்லை. இலைக்கூட்டத்தின் உயரமும் சேர்ந்துவிடுகிறது. வளர்ந்த செம்பனை நின்ற பள்ளம் எனக்கு மேடாகத் தெரிந்தது இப்படித்தான். தாத்தா காட்டிய அந்தப் பள்ளத்தில் கணினி வீடு கட்டியதும் இப்படித்தான்.

“நிலப்பட்டா விவரம் எங்கே கிடைக்கும்? கிடைக்கிற தரவை வைத்துத்தானே செய்ய முடியும்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முழு மாவட்டத்துக்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் லாட் எண் தெரிந்தால் கட்டணம் கட்டி நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். நகர, கிராம திட்டமிடல் துறையான பிளான் மலேசியாவின் இணையத்தளத்தில் நிலப்பயன்பாட்டு வரைபடங்களைப் பார்க்கலாம். எல்லாக் கட்டத்துக்கும் தேவையில்லை. இருபது பெரிய தோட்டங்களின் எல்லையும் உடைமையும் தெரிந்தாலே, பத்துத் தூரக் காரணிகளைவிட அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. கிடைப்பதை எல்லாம் போட்டு 15 காரணிகள் என்று பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை. சாலைத் தூரம், கடைத் தூரம், நகரத் தூரம் மூன்றும் லாபிசில் ஏறக்குறைய ஒரே விஷயம்; ஒரே சாட்சியை மூன்று பெயரில் கூண்டில் ஏற்றுவதுபோல.

ஜொகூர் பாரு பக்கத்தில் கற்றதை அப்படியே இங்கே கொண்டுவருவதையும் நான் ஏற்கவில்லை. 2006இல் தொடங்கிய இஸ்கந்தார் மலேசியாவும், 2025 ஜனவரியில் ஒப்பந்தமான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலமும் அந்த வட்டாரத்தை இழுக்கின்றன. லாபிசில் அதே விசை எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. என் வகுப்புத் தோழர்களில் பலர் சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கிறார்கள். இங்கே வீடு கட்டப்படுவதைக் கணிக்க நினைப்பவர், வீடு பூட்டப்படுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்தப் பாடநூலிலும் அதற்கு ஒரு காரணியை நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் மாணவர் ஆய்வோடு முடிகிற விஷயமா? இல்லை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்த மண்டபத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? வரைபடத்தில் ‘விவசாயம்’ என்று ஒரே பச்சையாகத் தீட்டிய இடத்துக்குள் பல சமயம் ஒரு கோயில் இருக்கும், பழைய லயத்து வீடுகள் இருக்கும், இன்னும் அங்கேயே குடியிருக்கும் சில குடும்பங்கள் இருக்கும். நிலம் கைமாறிய பிறகு அவர்களுக்காகக் கூட்டம் போடுவதைவிட, முன்பே அந்த மண்டபத்தில் ஒரு சரியான வரைபடத்தோடு நிற்பது மேல். அதற்குப் புவியியல் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் வேண்டும். மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மட்டும் கனவு காணும் பெற்றோர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். (என் அம்மாவும் முதலில் “புவியியல் படிச்சு என்ன செய்யப்போறே?” என்றவர்தான்.)

ஆய்வை மறுபடியும் செய்துகொண்டிருக்கிறேன். இந்த முறை புள்ளிக்காக அல்ல. சரிவையும் பள்ளித் தூரத்தையும் தூக்கிவிட்டேன். மறுநடவுப் பகுதிகளைத் தாத்தாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரில் போய்ச் சரிபார்த்தேன். வெள்ள எல்லைக்கு, பழைய வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தை அளந்து வருகிறேன். வீட்டுக்காரர்கள் தேநீர் கொடுத்து, கூடவே யார் எந்த நிலத்தை எப்போது விற்றார்கள் என்ற கதையும் சொல்கிறார்கள். அந்தக் கதைகளுக்குத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பட்டணத்தின் தெற்குப் பக்கத் தோட்டங்களின் உடைமை விவரம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. லாட் எண்களைத் திரட்டி, கட்டணத்துக்குப் பகுதிநேர வேலைச் சம்பளத்திலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நில அலுவலகம் போக வேண்டும். தாத்தாவும் வருகிறேன் என்கிறார்.